நோகோடசோல் போட்டும் செல்கள் நகர்வது ஏன்?

வணக்கம். நோகோடசோல் கொடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள் (இணைப்புத் திசுச் செல்கள்) நிற்காமல் திசைகெட்டு அலைகின்றன, உள்ளே ஆக்டின் என்ற இழைப் புரதத்தின் தடித்த கட்டுகள் தெரிகின்றன, மருந்து கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். மருந்து நன்றாகவே வேலை செய்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

செல்லை நகர்த்துவது ஆக்டின். முன் விளிம்பில் ஆர்ப் 2/3 கூட்டுப்புரதம் ஆக்டின் இழைகளைக் கிளை கிளையாக வளர்க்க, சவ்வு முன்னே தள்ளப்படுகிறது; பின்பக்கத்தை மயோசின் என்ற மோட்டார் புரதம் இழுத்துக்கொள்கிறது. நோகோடசோல் கலைப்பதோ நுண்குழல்களை, அதாவது டியூபுலின் புரதத்தாலான நுண்ணிய குழாய்களை. ஃபைப்ரோபிளாஸ்டில் எந்தப் பக்கம் முன் என்பதை நிலைநிறுத்துபவை அவை. அவை போனால் திசை போகும், ஓட்டம் நிற்காது. மீன் செதிலின் கெரட்டோசைட்டுகள் என்ற தோல் செல்கள் நுண்குழல் இல்லாமலே நேராக ஓடும்!

கட்டுகளுக்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. நுண்குழல் கலைந்ததும் அதில் ஒட்டியிருந்த ஜிஇஎஃப்-எச்1 என்ற புரதம் விடுபட்டு ரோ-ஏ புரதத்தைத் தூண்டுகிறது. அதனால் மயோசின் சுருக்கம் கூடி, ஆக்டின் இழைகள் தடித்த கட்டுகளாகின்றன. ரோ-ஏவுக்கு அடுத்து வேலை செய்யும் ராக் நொதியைத் தடுக்கும் ஒய்-27632 மருந்தைச் சேர்த்துப் பாருங்கள், கட்டுகள் குறைய வேண்டும்.

அப்புறம், சோதனையை 24 மணி நேரம் ஓட்டாதீர்கள். இந்த மருந்து செல் பிரிவையும் பாதியில் நிறுத்திவிடும். உருண்டு நிற்கும் செல்கள் சேர்ந்து கணக்கைக் குழப்பும். முதல் சில மணி நேரத்துக்குள் படமெடுங்கள். ஒப்பிட, மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் கொடுத்த தட்டு ஒன்றும், நுண்குழல் கலைந்ததா என்று பார்க்க டியூபுலினுக்குச் சாயமேற்றிய தட்டு ஒன்றும் கட்டாயம் வையுங்கள்.