அந்த இலைக்கூட்டை எடுக்க வேண்டாம்

வால்பாறைப் பக்கம் சோலை ஓரத்தில் காய்ந்த இலைப் பந்து மாதிரி ஒரு கூடு, உள்ளே முட்டை இல்லை, எடுத்து வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அங்கேயே விடுங்கள். இடுப்பளவு உயரம், பக்கவாட்டில் வாசல் என்றால் பெரும்பாலும் கருந்தலைச் சிலம்பன் கட்டியதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் குருவி அது. முட்டையிட மட்டுமல்ல, இராத் தங்கவும் தனியாகக் கூடு கட்டும். இருட்டும் நேரத்தில் நாலைந்து குருவிகள் ஒன்றாக அதற்குள் அடையும். பகலில் புதருக்குள் பூச்சி தேடப் போய்விடுவதால் காலியாகத் தெரிகிறது. சந்தேகமென்றால் சாயங்காலம் இருபதடி தள்ளி அசையாமல் நின்று பாருங்கள். முதலில் கரகரவென்று சத்தம் வரும், அப்புறம் கறுத்த தலையில் வெளிறிய மஞ்சள் கண் தெரியும். டார்ச் மட்டும் அடிக்காதீர்கள்.