வீட்டு மூலிகைக்கும் ஆயுள் உண்டு

கேள்வி: வீட்டைச் சுற்றியுள்ள சிறிய நிலத்தில் துளசி, ஆடாதோடை, கற்பூரவல்லி, நொச்சி, சோற்றுக்கற்றாழை, இஞ்சி எல்லாம் வளர்க்கிறோம். சிறு உபாதைகளுக்கு எடுத்த எடுப்பிலேயே மருந்துக் கடைக்கு ஓடாமல் வீட்டிலேயே சமாளிக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஆனால் காயவைத்த இலைகளில் பூஞ்சணம் பிடிக்கிறது. அரைத்து வைத்த பொடிகள் சில மாதங்களில் மணமே இல்லாமல் போகின்றன. காது வலிக்கும் மார்புச் சளிக்கும் ஆகும் என்று பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து அலமாரியில் வைத்திருக்கிறோம். வீட்டில் கைக்குழந்தை ஒன்றும், ஐந்து வயதுப் பிள்ளையும், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் பெரியவரும் இருக்கிறார்கள். எதை எப்படிச் செய்து எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம்? எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

பதில்: மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தப் பூண்டு எண்ணெயைக் கொட்டிவிடுங்கள்.

மண்ணுக்குள் விளையும் பூண்டில் குளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். காற்றுப் படும் இடத்தில் அவை சும்மா கிடக்கும். எண்ணெயில் மூழ்கிய பூண்டுக்குள் காற்று இல்லை, புளிப்பும் இல்லை, வேண்டிய ஈரம் மட்டும் இருக்கிறது. அந்தச் சூழலில் வித்து உயிர்பெற்று, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். எண்ணெய் நாறாது, நிறம் மாறாது, முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில், குளிரூட்டாமல் வைத்திருந்த பூண்டு எண்ணெயை உணவில் சாப்பிட்ட பலர் இப்படித்தான் பாதிக்கப்பட்டார்கள். பச்சைப் பூண்டு ஊறிய எண்ணெய் உணவுக்கு வேண்டும் என்றால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

மேலே பூசுவதற்கான தைலம் என்றால் காய்ச்சித்தான் வைக்க வேண்டும். அதற்கு நம் முன்னோர் வகுத்த பக்குவம் இன்றைக்கும் சரியாகவே இருக்கிறது. இலையையோ பூண்டையோ அரைத்து எண்ணெயில் இட்டு, சிறுதீயில் காய்ச்சுங்கள். நீர் இருக்கும்வரை சடசடவென்று சத்தம் வரும், நுரை எழும். சத்தம் அடங்கியதும் அடியில் தங்கிய கற்கத்தை, அதாவது அரைத்துப் போட்ட விழுதை, கரண்டியில் எடுத்து ஆறவைத்து விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். மெழுகுபோல் திரண்டால் இன்னும் ஈரம் மிச்சம் இருக்கிறது. மணல்போல் உதிர்ந்தால் இறக்கலாம். சந்தேகம் தீராவிட்டால் ஒரு பஞ்சுத் திரியை அந்த எண்ணெயில் நனைத்துக் கொளுத்துங்கள். பொரியாமல் சீராக எரிந்தால் நீர் இல்லை. வடிகட்டி, ஈரமே இல்லாத குப்பியில் ஊற்றுங்கள். காதுக்குள் மட்டும் எந்த எண்ணெயையும் விடாதீர்கள். செவிப்பறையில் துளை இருந்தால் நோய் உள்ளே இறங்கும். துளை இருப்பது வெளியிலிருந்து தெரியாது.

இனி பூஞ்சணத்துக்கு வருவோம். இலை காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் நேரத்தில், பெரும்பாலும் அதன் காம்பும் நடு நரம்பும் காய்ந்திருக்காது. பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் பறியுங்கள். துளசி போன்ற மணமுள்ள செடிகளைப் பூக்கும் முன் பறிப்பது நல்லது. கழுவினால் நன்றாக உதறி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒற்றை அடுக்காக, காற்றோட்டமுள்ள நிழலில் பரப்புங்கள். நேர் வெயிலில் நிறமும் மணமும் போய்விடும். மணமுள்ள இலைகளில் அந்த எண்ணெய்ச் சத்துத்தான் மருந்தே. இலை கையில் நொறுங்க வேண்டும். காம்பு வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும். அதன்பின் ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி ஒரு வாரம் கவனியுங்கள். உள்சுவரில் நீர் பூத்தால் மறுபடி வெளியே எடுத்து உலர்த்துங்கள். பூஞ்சணம் பிடித்த இலையைத் தட்டிவிட்டுப் பயன்படுத்துவது கூடவே கூடாது. சில பூஞ்சணங்கள் விடும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது.

பொடியின் மணம் போவதற்குக் காரணம் எளிது. அரைத்த கணத்திலிருந்து காற்றுப் படும் பரப்பு பல மடங்காகிறது. ஆகவே இலையாகவே வைத்திருங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.

சித்த மருத்துவம் ஒவ்வொரு மருந்து வடிவத்துக்கும் ஆயுளைக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. சாறு, குடிநீர் எனப்படும் கஷாயம், கற்கம் ஆகியவற்றுக்கு ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணம் என்ற பொடிக்கு 3 மாதம். மருந்து நெய், இளகம் (லேகியம்), மணப்பாகு (சர்க்கரைப் பாகு மருந்து) ஆகியவற்றுக்கு 6 மாதம். எண்ணெய்க்கு ஓர் ஆண்டு. காலையில் வைத்த கஷாயத்தை மூன்று நாள் சுடவைத்துச் சுடவைத்துக் குடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 'நாட்டு மருந்துதானே, கெட்டா போய்விடும்' என்ற பேச்சுக்கு நம் மரபிலேயே இடமில்லை. ஒவ்வொரு குப்பியின் மேலும் செடியின் பெயர், எந்தப் பகுதி, பறித்த தேதி, செய்த தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். தற்சார்பு என்று நான் சொல்வதில் பாதி இந்தச் சீட்டுத்தான்.

செய்முறையிலும் கவனம் வேண்டும். எல்லாவற்றையும் கொதிக்கவைப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. வேர், பட்டை, சுக்கு போன்ற கடினமானவற்றைக் கொதிக்கவைத்துச் சுண்டவைக்கலாம். துளசி, கற்பூரவல்லி போன்றவற்றின் மேல் வெந்நீரை ஊற்றி, மூடி, பத்து நிமிடம் வைத்தால் போதும். மூடவில்லை என்றால் மருந்து ஆவியோடு போய்விடும். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்குச் சான்று வேண்டுமா? 1970களின் தொடக்கத்தில் சீன ஆய்வாளர் தூ யூயூ மலேரியாவுக்கு ஒரு மாசிபத்திரி இனச் செடியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பலன் ஒருமுறை கிடைத்தது, ஒருமுறை கிடைக்கவில்லை. 4ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவ நூல் ஒன்று அந்தச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் சாரத்தைப் பிரித்தார். ஆர்ட்டிமிசினின் கிடைத்தது, 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதே செடியை வீட்டில் கஷாயம் வைத்து மலேரியாவுக்குக் குடிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். அளவு தெரியாத மருந்து நோயை முழுதாகக் கொல்லாது.

உங்கள் தோட்டத்தில் இருப்பவற்றில் ஆடாதோடை எனக்குப் பிடித்தமானது. அதில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டுதான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கி உருவாக்கப்பட்டு 1963இல் மருந்தாக வந்தது. கெட்டிப்பட்ட சளியோடு வரும் இருமலுக்கு அந்த இலையைத் தேடிப் போனது வெறும் நம்பிக்கை இல்லை. ஆனால் அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. கருவுற்ற பெண்கள் ஆடாதோடையைத் தொடவே கூடாது. இஞ்சி குமட்டலுக்கு நன்றாகவே கேட்கும். பல ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மருந்தளவில் அதைச் சாப்பிடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். தொண்டைக் கரகரப்புக்கு ஒரு குவளை வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளிப்பதைவிட எளிய மருந்து இல்லை. சோற்றுக்கற்றாழை மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் நிறப் பால் வடியும். அது கடுமையான பேதி மருந்து. மடலைச் சற்று நேரம் நிமிர்த்தி வைத்து அந்தப் பாலை வடியவிட்டு, தோலைச் சீவி, உள்ளிருக்கும் சோற்றைப் பலமுறை கழுவிய பிறகே எடுக்க வேண்டும். தோலில் பூசுவதற்கு நல்லது. உள்ளுக்குச் சாப்பிட நான் சொல்வதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். பூண்டு எண்ணெயில் சொன்ன அதே பாக்டீரியாவின் வித்துகள் தேனிலும் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் முளைக்காத அவை பிஞ்சுக் குடலில் முளைக்கும். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு அதே தேன் இரவு இருமலுக்கு நல்ல மருந்து. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. கற்பூரம் சிறிதளவு விழுங்கினாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம். தைல மரத்து எண்ணெயும் அப்படித்தான். வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுத்து வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்தது மருத்துவப் பதிவுகளில் உண்டு. குழந்தைகளுக்கு உரசிக் கொடுக்கும் வசம்பிலுள்ள அசரோன் என்ற பொருள் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், 1968இலேயே அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. நொச்சி போட்டு ஆவி பிடிப்பது பெரியவருக்கு இதமாக இருக்கும், கிருமியைக் கொல்லாது. குழந்தையைக் கொதிக்கும் பாத்திரத்தின் முன் உட்காரவைப்பது தீக்காயத்தை அழைப்பது.

வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது நீரிழப்புத்தான். கடை உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கையில் இல்லாவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். உப்பு கூடினால் ஆபத்து. கண்ணளவு வேண்டாம், தேக்கரண்டியால் அளந்தே போடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தீக்காயத்துக்கு ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம். பனிக்கட்டியோ, பற்பசையோ, மஞ்சளோ வேண்டாம். வெட்டுக்காயத்தை ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் கட்டுங்கள். அடுப்படி மஞ்சள்தூள் கிருமி நீக்கியது அல்ல.

தோட்டத்தில் இல்லாததை வெளியில் பறிக்க ஆசை வரும். அடையாளம் நூற்றுக்கு நூறு தெரியாத செடியைப் பறிக்காதீர்கள். சில செடிகளைச் சரியாக அடையாளம் கண்டாலும் விட்டுவிட வேண்டும். ஆடுதின்னாப்பாளை அவற்றில் ஒன்று. அந்த இனத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைப்பதற்கான மூலிகை மாத்திரை சாப்பிட்ட பல பெண்களின் சிறுநீரகங்கள் பழுதாயின. ஒரு மூலிகைக்குப் பதிலாக அந்த இனச் செடி கலந்துவிட்டதே காரணம். பின்னர் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இந்தச் சேதம் வலி காட்டாமல் நடக்கும்.

நிறுத்திக்கொள்ள வேண்டிய இடத்துக்கு மஞ்சள் காமாலை நல்ல உதாரணம். கீழாநெல்லி சாப்பிட்டுக் குணமானவர்களை எல்லோருக்கும் தெரியும். காமாலை ஒரு நோய் அல்ல, பல நோய்களின் அறிகுறி. அதில் ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் தொற்று பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறும். பெயர் கீழாநெல்லிக்குப் போகும். 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று கீழாநெல்லிக்கு ஹெபடைடிஸ் பி விஷயத்தில் நல்ல பலன் இருப்பதாகக் காட்டியது; பிந்தைய ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. கல் அடைப்பாலோ கட்டியாலோ வந்த காமாலைக்கு இலையை அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தால் இழக்கும் வாரங்கள் திரும்பக் கிடைக்காது. கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனை.

அதேபோல மூச்சுத் திணறல், மார்பு வலி, இரத்தத்தோடு வரும் சளி அல்லது மலம், மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், தண்ணீர் குடிக்க மறுக்கும் அல்லது துவண்டுபோகும் குழந்தை, மூன்று வாரத்தைத் தாண்டிய இருமல் ஆகியவை வீட்டு மருந்துக்கு உரியவை அல்ல. உங்கள் கைக்குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால், காய்ச்சல் கண்ட அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியாக, வீட்டுப் பெரியவர். இருமலுக்கு அதிமதுரம் கொடுக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அதிலுள்ள கிளிசிரைசின் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, இரத்த அழுத்தத்தை ஏற்றும். மாத்திரை செய்யும் வேலையை இது கெடுக்கும். மஞ்சள் உணவில் இருக்கட்டும். மிளகுச் சத்து சேர்த்துச் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகள் வேண்டாம். அவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. அறுவை சிகிச்சை ஏதும் திட்டமிட்டிருந்தால் மூலிகை மருந்துகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுவது பாதுகாப்பு. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பெயர்களை மனத்தில் வைத்துக்கொண்டு போகாமல், சீட்டு ஒட்டிய குப்பிகளையே ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் மேசைமேல் வையுங்கள்.