ஃபகராவா போகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை டைவ் வேண்டாம்

கேள்வி: அந்தமானில் ஸ்கூபா டைவிங்கின் முதல் படியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்தேன், கையில் பத்துப் பதினைந்து டைவ்தான் இருக்கிறது. ஜூலையில் பிரெஞ்சு பாலினீசியாவின் ஃபகராவா போய்ச் சுறாக் கூட்டத்தைப் பார்க்க ஆசை. வியாழன் இறங்கி, ஞாயிறு காலை கடைசி டைவ், மதியம் விமானம். உள்ளூர்ப் பண்பாட்டையும் பார்க்க வேண்டும், நடன நிகழ்ச்சி இருக்குமா? (வாசகி, கோவை)

பதில்: முதலில் அந்த ஞாயிறு டைவை எடுத்துவிடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து டைவ் செய்தால் உடம்பில் நைட்ரஜன் கரைந்து நிற்கும், விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும்போது அது குமிழாகக் கிளம்பி மூட்டிலோ நரம்பிலோ வேலையைக் காட்டிவிடும். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது வேண்டும், 24 என்றால் நிம்மதி. டஹிட்டித் தீவிலுள்ள தலைநகர் பாபீட்டே போகும் ஒரு மணி நேரச் சின்ன விமானத்துக்கும் இதே கணக்குதான். ஃபகராவாவில் ஏதாவது ஆனால் சிகிச்சைக்கு டஹிட்டிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

சரி, சுறா. ஃபகராவா ஒரு வளையத் தீவு, நடுவே லகூன் என்ற உள்கடல்; அதற்கும் வெளிக்கடலுக்கும் நடுவே உள்ள இயற்கையான திறப்பைத்தான் கால்வாய் என்கிறேன். தெற்கே டுமகொஹுவா என்ற கால்வாயில் நூற்றுக்கணக்கான கிரே ரீஃப் சுறாக்கள் நிற்கும். ஜூன், ஜூலை முழுநிலவை ஒட்டி ஆயிரக்கணக்கான களவா மீன்கள் முட்டையிட அங்கே கூடுவதால் வேட்டையும் சேர்ந்துகொள்ளும், அதனால் விமான டிக்கெட்டைப் பௌர்ணமி பார்த்துப் போடுங்கள். சுறாவுக்காகப் பயப்பட வேண்டாம், நீரோட்டத்துக்குத்தான் பயப்பட வேண்டும். கடல் பெருகும்போது வெளிக்கடலிலிருந்து தண்ணீர் லகூனுக்குள் ஓடும், டைவர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் இறங்குவார்கள், காலை அசைக்காமலே பவளச் சரிவை ஒட்டி மிதந்து உள்ளே வந்துவிடலாம். வற்றும்போது அதே ஓட்டம் ஆளை வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் போவதற்கு முன் அடுத்த படியான அட்வான்ஸ்டு கோர்ஸும், ஓட்டத்தில் சில டைவும் அவசியம். வடக்கே இருக்கும் கருவாயே கால்வாய் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் அகலம், ஓட்டமும் முரட்டுத்தனம், அதை இந்த முறை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன்.

பண்பாடு என்றதும் நடன மேடை தேடாதீர்கள். நடனமும் பாட்டுமான ஹெய்வா விழா ஜூலையில் பாபீட்டேயில் பெரிதாக நடக்கும், வழியில் ஒரு நாள் தங்கினால் அதைப் பார்த்துவிடலாம். ஃபகராவா மொத்தமே சில நூறு பேர் வாழும் வளையத் தீவு, அங்கே பண்பாடு என்பது அவர்களுடைய அன்றாட வேலைதான். ரொட்டோஆவா கிராமத்தில் குடும்பங்களே நடத்தும் பான்சியோன் என்ற சின்ன விடுதியில் தங்குங்கள், சாப்பாடும் அவர்கள் வீட்டுச் சாப்பாடுதான்: எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீனில் தேங்காய்ப்பால் ஊற்றித் தருவார்கள். சைவம் என்றால் முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுங்கள், பவள மண்ணில் காய்கறி அதிகம் விளையாது, பெரும்பாலும் கப்பலில்தான் வர வேண்டும். தேங்காயைப் பிளந்து கொப்பரை காயவைப்பது இன்றைக்கும் அங்கே பிழைப்பு, கறுப்பு முத்துப் பண்ணையும் உண்டு, கேட்டால் காட்டுவார்கள்.

இதற்கெல்லாம் அந்த டைவ் இல்லாத ஞாயிறுதான் சரியான நாள். காலையில் தோள்பட்டை மூடிய உடையில் மாதா கோயிலுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள், ஊரே கூடிப் பல குரலில் பாடுவதை அங்கேதான் கேட்க முடியும். வெளியே வந்ததும் "இயா ஓரானா" (வணக்கம்) என்று நீங்களே முதலில் சொல்லுங்கள், பேச்சு அங்கிருந்து தொடங்கும். விமானத்தைத் திங்களுக்கோ செவ்வாய்க்கோ மாற்றிவிடுங்கள், நான்கு நாள் எப்படியும் போதாது. தெற்குக் கால்வாய் ரொட்டோஆவாவிலிருந்து லகூனின் மறுகோடி, படகிலேயே நெடுநேரம் போய்விடும்.

அப்புறம் விசா. சாதாரண ஷெங்கன் விசா மட்டும் போதாது, பிரான்ஸின் கடல்கடந்த பகுதிக்கும் செல்லுபடியாகும் என்று குறிப்பிட்டே விண்ணப்பிக்க வேண்டும். ஆக்லாந்து வழியோ லாஸ் ஏஞ்சலஸ் வழியோ போனால் அந்த நாட்டு விசாவும் தனியாக வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.