உட்கார்ந்து பார்க்கும் ஊர்

வணக்கம் ஐயா,

நான் ஃபிராங்ஃபர்ட்டில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். தென்காசியிலிருந்து அம்மா மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார். வயது 64. அப்பா தவறியபிறகு இப்போதுதான் ஊரை விட்டு வெளியே வருகிறார். அக்டோபர் கடைசி வாரத்தில் எனக்கு நான்கு நாள் விடுப்பு. செக் நாட்டின் பிராக் அல்லது ஹங்கேரியின் புடாபெஸ்ட், இரண்டில் ஒன்றுக்குக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். பிராக் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்துவிடலாமா என்றும் ஒரு யோசனை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் மெதுவாக நடப்பார். சைவம். எது சரியாக வரும்?

சு., ஃபிராங்ஃபர்ட்

அன்புள்ள சு.,

கடைசி யோசனையை முதலில் தள்ளிவிடுகிறேன். இரண்டும் வேண்டாம். நடுவே ரயிலில் ஏறக்குறைய ஏழு மணி நேரம். நான்கு நாளில் ஒரு பகல் அதிலேயே போய்விடும்.

பிராக் எனக்குப் பிடித்த ஊர், அதை இப்போது மாற்றிப் பேசப்போவதில்லை. 1357-ல் மன்னர் நான்காம் சார்லஸ் கட்டத் தொடங்கிய பாலத்தில், விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றால் ஆற்றிலிருந்து பனி எழும்பி வரும். இருபுறமும் முப்பது சிலைகள் கருத்துப்போய் நிற்கும். அதில் நெபோமுக் யோவான் என்ற பாதிரியாரின் சிலை ஒன்று. 1393-ல் அடுத்த மன்னரின் ஆணைப்படி ஆற்றில் வீசப்பட்டவர். சிலையின் அடியில் உள்ள உலோகத் தகட்டில் அவரைத் தூக்கி எறியும் காட்சி இருக்கிறது. வேண்டிக்கொண்டு தொட்டுத் தொட்டு அந்த இடம் பொன்னாகப் பளபளக்கும். எட்டு மணிக்கு மேல் போனால் தலைகள்தான் தெரியும், சிலைகள் தெரியாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'முழங்கால் வலி உண்டு, ஆனால் மெதுவாக நடப்பார்' என்ற வரி. இதே வரியை நானும் சொல்லியிருக்கிறேன், என் அக்காவைப் பற்றி. அவரை பிராகுக்குத்தான் கூட்டிப்போனேன். பழைய நகரத்தின் தெருக்களில் சின்னச் சின்னக் கருங்கல் சதுரங்கள் பதித்திருப்பார்கள். பார்க்க அழகு. ஆனால் கால் வைக்க வைக்க ஒவ்வொரு கல்லும் ஒரு பக்கம் சாய்த்துவிடும், இரண்டு மணி நேரத்தில் கணுக்காலும் முட்டியும் கணக்குக் கேட்கும். அந்தப் பாலம் அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல், நடுவில் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. அக்கா பாதியில் நின்று, "நீ போய்ப் பாத்துட்டு வாடா, நான் இங்கயே இருக்கேன்" என்றார். எங்கே இருப்பது? ஒரு புனிதரின் பீடத்தில் சாய்ந்துகொண்டார்.

மறுநாள் மெட்ரோ. நாமெஸ்தி மிரு என்ற நிலையத்தின் எஸ்கலேட்டர் 87 மீட்டர் நீளம், கீழே போய்ச்சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நம் ஊர் துணிக்கடை எஸ்கலேட்டருக்கே, வரும் படியை எண்ணி எண்ணி ஒரு காலைத் தூக்கி வைக்கிறவர் அக்கா. அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. நான் எரிச்சலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அது பிராகின் குற்றமில்லை.

டிராம் இருக்கிறதே என்பீர்கள். 22-ம் எண் டிராம் கோட்டை வரை ஏறும், உண்மைதான். ஆனால் பிராகின் ருசி சந்துகளில்தான் இருக்கிறது, அங்கே டிராம் போகாது.

அதனால் அம்மாவை புடாபெஸ்டுக்குக் கூட்டிப்போங்கள். உட்கார்ந்தபடியே பார்த்துவிடக்கூடிய ஊர் அது. டான்யூப் ஆற்றுக்கு மேற்கே புடா, மேடு. கிழக்கே பெஸ்ட், தோசைக்கல் மாதிரி சமதரை. ஓபுடா என்ற பக்கத்து ஊரையும் சேர்த்து மூன்றும் 1873-ல்தான் ஒரே ஊராயின. பெஸ்ட் பக்கத்தில் அறை எடுங்கள், அடுப்பு உள்ளதாக. டிராம், பஸ், மெட்ரோவுக்கான 72 மணி நேரப் பாஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வேறெதுவும் வைத்துக்கொள்ளாமல் 2-ம் எண் டிராமில் ஏறுங்கள். யாசாய் மரி சதுக்கத்தில் ஏறி, அம்மாவை வலப்பக்க ஜன்னலில் உட்காரவையுங்கள். தெற்கே போகும்போது ஆறு அந்தப் பக்கம்தான் வரும். நாடாளுமன்றம், சங்கிலிப் பாலம், எதிர்க்கரையில் அரண்மனை, எல்லாம் தானாக வரும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியபின் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். உங்களுக்கு அது நல்லதுதான். விளக்கு போட்டபின் அதே டிராமில் இன்னொரு முறை போகலாம்.

சங்கிலிப் பாலம் 1849-ல் திறந்தது. 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊரின் பாலங்கள் அத்தனையையும் தகர்த்தது. இதைத் திருப்பிக் கட்டி, சரியாக நூறாவது ஆண்டில், 1949-ல் திறந்தார்கள்.

நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே கரையில் இரும்பில் வார்த்த அறுபது ஜோடிச் செருப்புகள் இருக்கின்றன, 2005-ல் வைத்தவை. 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரிய பாசிசக் கும்பல் யூதர்களை இங்கே நிறுத்தி, காலணியைக் கழற்றச்சொல்லி, சுட்டு ஆற்றில் தள்ளியது. செருப்புக்கு விலை உண்டு, அதனால் கழற்றச்சொன்னார்கள். நான் போன அன்று ஒரு குழந்தையின் ஷூவுக்குள் யாரோ மிட்டாய் போட்டு வைத்திருந்தார்கள். அம்மாவிடம் இது என்னவென்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள்.

மெட்ரோவில் மஞ்சள் நிற முதல் பாதையில் மட்டும் போங்கள். 1896-ல் வந்தது, தெருவுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகிறது, ஒரு மாடிக்கும் குறைவான படி. மற்ற பாதைகளில் நீளமான எஸ்கலேட்டர் உண்டு, ஆழமும் அதிகம். புடா பக்கக் கோட்டை மேட்டுக்கு 16-ம் எண் பஸ் போகிறது.

நண்பர்கள் செசெனி வெந்நீர்க் குளத்தைச் சொல்வார்கள். முழங்காலுக்கு நல்லது என்பார்கள். ஆவி பறக்கும் நீரில் மார்பளவு நின்று கிழவர்கள் சதுரங்கம் ஆடுவது நல்ல காட்சிதான். ஆனால் ஆண் பெண் எல்லோரும் ஒரே குளம், நீச்சலுடைதான். குற்றாலத்தில் சேலையோடு அருவிக்குள் நின்று பழகியவர் அம்மா. ஒருமுறை கேளுங்கள், இரண்டாம் முறை கேட்காதீர்கள்.

சாப்பாட்டில் கொஞ்சம் கஷ்டம் இருக்கும், அடுப்பு அதற்குத்தான். லெச்சோ என்று ஒன்று, வெங்காயம் தக்காளி குடமிளகாய் வதக்கல், நம் தக்காளித் தொக்குக்குச் சித்தப்பா முறை. பன்றிக்கொழுப்பில் வதக்குவதும் உண்டு, விசாரிக்காமல் வாங்கவேண்டாம். அக்டோபர் 23 அவர்களுக்குத் தேசிய விடுமுறை, சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான 1956 எழுச்சியின் நினைவாக. அன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், அரிசி பருப்பை முந்தினநாளே வாங்கிவிடுங்கள். இரண்டு நாட்டிலும் யூரோ இல்லை. ஹங்கேரி நாணயமான ஃபோரின்ட்டைத் தெருமுனை மாற்றுக்கடையில் வாங்காதீர்கள். பிராகில் ஒரு கடையில் அப்படி மாற்றி நான் இழந்த தொகையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பிராகுக்கு நீங்கள் மட்டும் ஒரு பிப்ரவரியில் போய்வாருங்கள். குளிர் கடிக்கும், பாலம் காலியாக இருக்கும்.

அப்புறம், 2-ம் எண் டிராம் ஃபோவாம் சதுக்கத்தில் நிற்கும்போது இறங்கினால் 1897-ல் திறந்த பெரிய மார்க்கெட். மிளகாய்ச் சரம் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள், அம்மா தானாகவே அங்கே நின்றுவிடுவார். எரோஷ் பிஷ்தா என்று ஒரு பாட்டில் கேட்டு வாங்குங்கள். காரமிளகாயை உப்போடு அரைத்த விழுது, தயிர்சாதத்துக்கு அப்படிப் பொருந்தும். திரும்பும்போது அதைக் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் விழுதையும் திரவக் கணக்கில் பிடுங்கிவிடக்கூடும். பெரிய பெட்டியில், சேலைகளுக்கு நடுவே சுற்றி வைக்கச்சொல்லுங்கள்.