மகன் வசனமெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறான், ஆனால் பொய்யும் சொல்கிறான். வீட்டில் கிறிஸ்தவ குணத்தை எப்படிப் பழக்குவது?

உங்கள் மகனுக்கு ஆறு வயது, 23ஆம் சங்கீதம் முழுக்கத் தெரியும், விபிஎஸ்ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளியில்) பரிசும் வாங்கியிருக்கிறான், ஆனாலும் கூசாமல் பொய் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகளும் அந்த வயதில் அப்படித்தான். அவள் சொன்ன பொய்களில் ஒன்றையாவது சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து நாசரேத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. அவளுக்கோ ஐந்தரை தாண்டியிருந்தது. கண்டக்டர் நெருங்கியதும் என் அத்தை (கணவரின் அம்மா) அவள் காதில், "கேட்டா நாலு வயசுன்னு சொல்லுட்டி" என்றார்கள். அவளும் அழகாகச் சொன்னாள். நாங்கள் சிரித்தோம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது அவள் கேட்டாள்: "அம்மா, கண்டக்டர் மாமாகிட்ட சொன்னா அது பொய்யில சேராதா?" குத்திக்காட்டக் கேட்கவில்லை. விதியைத் தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்கு அப்பளம் தொண்டையில் நின்றது.

திரும்பும்போது அவளுக்கு இரண்டு அரை டிக்கெட் எடுத்தேன், ஒன்று காலையில் வந்ததற்கு. கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வேதாகமத்தில் வரும் வரி வசூல்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். நான் ஒரு மடங்கோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் லூக்கா 19ஐ அவளுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இது சின்ன விஷயம். எனக்குப் பெரிதாக உறைத்தது இன்னொன்று.

என் அப்பா தரங்கம்பாடிப் பக்கம், லுத்தரன் சபை. 1706இல் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர். எங்கள் வீட்டில் ஞானோபதேசம் ஒப்பிக்காமல் ஞாயிற்றுக்கிழமை மதியச் சோறு கிடையாது. பெயர்தான் பயமுறுத்தும், உள்ளே இருப்பது கேள்வி பதில்தான்! ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே "இதற்கு அர்த்தம் என்ன?" என்று ஒரு கேள்வி, மூன்று நான்கு வரியில் ஒரு பதில். சாக்சனி நாட்டு ஊர்ச்சபைகளைச் சுற்றிப் பார்த்து, ஜனங்களுக்கு அடிப்படைகூடத் தெரியவில்லையே என்று நொந்துபோய் மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதியது. வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்கும் விதம் என்றுதான் ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு அல்ல, வீட்டுக்கு.

அதில் "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்ற கட்டளைக்கு வரும் விளக்கத்தை நான் சிறுவயதில் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்ததோடு சரி. பிறனைப் பற்றிப் பொய் சொல்லாதே, அவன் பெயரைக் கெடுக்காதே என்று சொல்லிவிட்டு அது நிற்பதில்லை. அவனுக்காகப் பரிந்து பேசு, அவனைப் பற்றி நல்லதைச் சொல், அவன் செய்த எதையும் நல்லவிதமாகவே எடுத்துக்கொள் என்று போகிறது. (கல்யாணமான புதிதில் இதை எட்டாம் கட்டளை என்று சொல்லப்போய் சிஎஸ்ஐக்காரரான (தென்னிந்தியத் திருச்சபை) அத்தையிடம் மாட்டிக்கொண்டேன். "எட்டாவது களவு செய்யாதிருப்பாயாகல்லா?" லுத்தரன்கள் எண்ணும் கணக்கு வேறு, அத்தைக்கு இது ஒன்பது. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.)

இப்போது எங்கள் ஞாயிறு மதியத்துக்கு வாருங்கள். ஆராதனை முடிந்து, கறிக்குழம்பு வைத்து, எல்லாரும் உட்கார்ந்ததும் ஆரம்பிக்கும். திருமண்டலத் (மறைமாவட்டத்) தேர்தலில் யார் யாரோடு சேர்ந்தார், காணிக்கைக் கவரில் யார் எவ்வளவு வைத்தார், பாடகர் குழுவில் யார் கட்டைக் குரல். அப்படி ஒரு நாள் எங்கள் போதகரின் மனைவியைப் பற்றி என் கணவர், "ஐயரம்மா இருக்காங்களே, குருமனைக்கு யார் போனாலும் ஒரு டம்ளர் தண்ணி தரமாட்டாங்க" என்றார். சிரித்தோம், மறந்துவிட்டோம்.

அடுத்த வாரம் வீடு சந்திக்க ஐயரம்மா வந்தார்கள். காப்பியும் முறுக்கும் கொடுத்தோம். மகள் பக்கத்தில் போய் நின்று, "நீங்க மட்டும் ஏன் யாருக்கும் தண்ணி தர மாட்டீங்க? அப்பா சொன்னாங்க" என்றாள்.

அந்த அம்மா நல்லவர்கள், சிரித்தார்கள். குருமனையில், அதாவது போதகர் வீட்டில், மோட்டார் பழுதாகி ஒன்றரை மாதமாகிறது, கமிட்டியில் சொல்லியும் ஆகவில்லை, குடிக்கிற தண்ணீர் பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் வருகிறது என்றார்கள். அந்தக் கமிட்டியில் என் கணவரும் ஒருவர். முறுக்குத் தட்டிலிருந்து யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது: பிள்ளை கட்டளையை மீறவில்லை, நாங்கள்தான் அந்த மீறலை வாராவாரம் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறிக்கொண்டிருந்தோம். உபாகமம் 6:7 வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் பிள்ளைகளோடு பேசச் சொல்கிறது. நாம்தான் அதைக் குடும்ப ஜெபத்தின் பத்து நிமிஷத்துக்கும் ஞாயிறு பள்ளிக்கும் ஒதுக்கிவிட்டோம். 1780இல் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியது, வாரமெல்லாம் வேலைக்குப் போய் எழுத்து வாசனையே இல்லாமலிருந்த ஏழைப் பிள்ளைகளுக்காக. வீட்டுக்குப் பதிலாக அல்ல.

குடும்ப ஜெபத்தைப் பற்றியும் ஒன்று. "ஆண்டவரே, இந்தப் பிள்ளை பொய் சொல்லுது, நல்ல புத்தி கொடும்" என்று அவன் பக்கத்திலேயே சத்தமாக ஜெபிக்கிறீர்களா? நான் செய்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு திட்டுவதற்குப் பெயர் ஜெபம் அல்ல. அது ஆண்டவரைச் சாட்சிக்கு இழுப்பது. அவனுக்குப் பதில் பேச வழியும் கிடையாது. இப்போது ஜெபத்தில் என் தப்பைத்தான் சொல்கிறேன், அவள் கேட்க. "இன்னைக்கு நான் அவமேல எரிஞ்சு விழுந்தேன்" என்று. சில நாள் அவளும் தன்னுடையதைச் சொல்வாள், சில நாள் தூங்கிப்போவாள்.

பொய் பிடிபட்டால் என்ன செய்வது? "நீதான் செஞ்சியா?" என்று தெரிந்துகொண்டே கேட்பதை நிறுத்தினேன். அது பொய்க்கு நாமே கதவைத் திறந்துவிடுவது. "கண்ணாடி உடைஞ்சிருக்கு, வா, கூட்டலாம்" என்றால் பாதிப் பொய்கள் பிறப்பதே இல்லை.

அத்தையிடமிருந்து நான் கற்றதும் உண்டு, பேருந்தை வைத்து அவர்களை எடைபோடாதீர்கள். உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போடுவார்கள், கோயிலுக்கு. பிடி அரிசி. மிசோரம் சபைகளிலும் 1910 முதல் இந்த வழக்கம் இருக்கிறது. அத்தை இதை யாருக்கும் விளக்கியதில்லை. மகள் நாலு வயதிலிருந்து, தன் சின்னக் கையால் போட்டால் குறைகிறதே என்று இரண்டு பிடி போடுகிறாள். தாராளத்தைப் பற்றி நான் அவளுக்குப் பாடம் எடுத்ததே இல்லை.

இவ்வளவும் செய்தால் பிள்ளை நிச்சயம் நல்லபடி வருவானா என்றால், அப்படி யாராலும் உறுதி தர முடியாது. பிள்ளையை நடக்கவேண்டிய வழியில் நடத்தினால் முதிர்வயதிலும் அதை விடமாட்டான் என்கிற நீதிமொழிகள் 22:6ஐ எல்லாரும் சொல்வார்கள். தீர்க்கதரிசி சாமுவேலின் குமாரர் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள் என்று 1 சாமுவேல் 8இலும் எழுதியிருக்கிறது, அதை யாரும் மனப்பாட வசனமாகக் கொடுப்பதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு விதி: சாப்பிடும்போது இங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், அதற்கு நல்லவிதமான ஒரு காரணத்தையும் பேசியவரே சொல்ல வேண்டும். மகள்தான் நடுவர். "ஏன் அப்படி இருக்கும், சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுத் தட்டில் கை வைக்காமல் காத்திருப்பாள். முதல் ஞாயிறு அத்தை ரொம்ப நேரம் யோசித்தார்கள். பிறகு குழம்பைப் பிசைந்துகொண்டே, "அப்போ பேசுததுக்கு ஒண்ணுமே இல்லியே" என்றார்கள்.