இங்கே கரண்ட் பில்லுக்கு 'ஹைட்ரோ' என்று பெயர்

தம்பி, நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து வந்து டொரண்டோவில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் படித்து முடித்தாகிவிட்டது. படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கையில் இருக்கிறது. ஸ்கார்பரோவில் இன்னும் மூன்று பேரோடு ஒரு பேஸ்மெண்டில் குடியிருக்கிறீர்கள். இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. ஒன்று முழுக்க வீட்டிலிருந்து பார்ப்பது. மணிக்கு 28 டாலர், 'கான்ட்ராக்டர்' என்ற பெயரில், அதாவது ஊழியராக இல்லாமல் சுயதொழில் கணக்கில். மற்றது டவுன்டவுனில் ஒரு விளம்பர ஏஜென்சி. வருடத்துக்கு 52,000 டாலர், வாரத்தில் மூன்று நாள் நேரில் வர வேண்டும். "அக்கா, வீட்டிலிருந்தால் பணமும் கூடுதல், அலைச்சலும் இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறைய இருக்கிறது. நானே இப்போது வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன். அதனால் அலுவலகத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனாலும் உங்களுக்கு முதல் இரண்டு வருடம் டவுன்டவுன்தான் என்பேன். ஏன் என்பதற்கு என் மானம் போன கதை ஒன்று இருக்கிறது.

2013-இல் நான் தஞ்சாவூரிலிருந்து வந்து சேர்ந்தேன். (நீங்கள் திருச்சி; அடுத்த ஊர்க்காரர் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.) சென்னையில் மூன்று வருடம் கூகுள் விளம்பரங்களைக் கவனித்த அனுபவம் இருந்தது, தலைக்கனமும் இருந்தது. இங்கே முதல் வேலையில் தெர்மோஸ்டாட் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் விளம்பரக் கணக்கைக் கொடுத்தார்கள். மின்கட்டணத்தைக் குறைக்கும் கருவி என்பதுதான் விளம்பரத்தின் சாரம். மக்கள் என்னென்ன சொற்களைத் தேடி நம் விளம்பரத்துக்கு வருகிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தால், வரிக்கு வரி 'ஹைட்ரோ பில்', 'ஹைட்ரோ பில் குறைப்பது எப்படி'. ஹைட்ரோ என்றால் தண்ணீர்தானே? தண்ணீர்க் கட்டணம் தேடுகிறவர்களுக்கு நம் காசு ஏன் போக வேண்டும் என்று, அந்தச் சொல்லை நெகட்டிவ் கீவேர்டு பட்டியலில் தூக்கிப் போட்டேன். அந்தச் சொல் இருக்கும் எந்தத் தேடலுக்கும் இனி நம் விளம்பரம் வராது. பெரிய சிக்கனம் செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

இரண்டாம் நாள் கிளிக்குகள் பாதிக்குமேல் சரிந்திருந்தன. நான் திரையையே வெறித்துக்கொண்டிருந்ததை அடுத்த மேசை அம்மா பார்த்துவிட்டார். இதே ஒன்டாரியோ மாகாணத்தின் சட்பரி ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். காபிக் கோப்பையோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, பட்டியலை ஒரு தடவை படித்தார். "இதை ஏன் நீக்கினாய்? ஒன்டாரியோவில் கரண்ட் பில்லைத்தான் ஹைட்ரோ பில் என்போம்" என்றார். நயாகரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்து ஊருக்கெல்லாம் கொடுக்க 1906-இல் அரசு ஒரு நீர்மின் ஆணையத்தை அமைத்தது. அதிலிருந்து இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் நகர மின்வாரியத்தின் பெயர் டொரண்டோ ஹைட்ரோதான்.

எந்தப் பாடத்திலும் இது வராது. நானாகக் கேட்டிருக்கவும் மாட்டேன்; தெரியாது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்? வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தால் மாதக் கடைசி அறிக்கையில் எண் இறங்கியிருப்பதை மேலாளர் பார்த்திருப்பார், என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பார்.

நம் தொழிலே ஊர்க்காரர்கள் என்ன சொல்லைத் தட்டச்சு செய்வார்கள் என்று ஊகிப்பதுதான். கம்பளிக் குல்லாய்க்கு இங்கே 'டூக்' என்பார்கள். 'காட்டேஜ்' என்றால் குடிசை இல்லை, ஏரிக்கரையில் கோடைக்குப் போய்த் தங்குகிற வீடு. செடி, மண், தொட்டி விற்கிற கடைக்கு மே மாத விக்டோரியா தின நீள வார இறுதிதான் ஆடித் தள்ளுபடி மாதிரி. அதற்கு முன்பே பட்ஜெட்டை ஏற்றியாக வேண்டும். இதெல்லாம் சாப்பாட்டு மேசையில், லிஃப்டில், அடுத்தவர் தொலைபேசியில் பேசுவதைக் காதில் வாங்கியதில் எனக்குச் சேர்ந்தது. ஐஸ் ஹாக்கிப் பேச்சைத் தாங்கிக்கொள்வதுதான் இதற்குக் கூலி. டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி கடைசியாக ஸ்டான்லி கோப்பையை வென்றது 1967-இல். அந்தத் துக்கத்தில் நீங்களும் வாடிக்கையாகப் பங்கெடுக்க வேண்டியிருக்கும்.

2014 ஜூனை மறக்கவே முடியாது. ஜூலை 1 முதல் கனடாவின் ஸ்பேம் தடைச் சட்டம் அமலுக்கு வந்தது. சம்மதம் இல்லாதவருக்கு வணிக மின்னஞ்சல் அனுப்பினால் ஒரு நிறுவனத்துக்கு 1 கோடி டாலர் வரை அபராதம். சென்னையில் எக்செல் கோப்பில் முகவரிகளை வாங்கி ஒரே தட்டில் அனுப்பிப் பழகிய எனக்கு, அந்த மாதம் அலுவலகமே சட்டக் கல்லூரியானது. யாரிடம் சம்மதம் இருக்கிறது, அது எத்தனை மாதம் செல்லும் என்று அறை முழுக்கச் சண்டை. ஓரமாக நின்று கேட்டதுதான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது.

மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். 2021 தொடக்கத்தில் எல்லோரும் வீட்டில் அடைந்திருந்தபோது எங்கள் குழுவில் நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு பையன் சேர்ந்தான். நல்ல மூளை. அமெரிக்க நாள்காட்டியைப் பார்த்து, நன்றி நவிலும் நாள் மின்னஞ்சலை நவம்பருக்குக் குறித்து வைத்திருந்தான். கனடாவில் அது அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை. வாழ்த்தும் தள்ளுபடியும் ஒன்றரை மாதம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் ஒரு எட்டிப்பார்வையில் முடிந்திருக்கும். அடுத்த வருடம் அவனுடைய வழியனுப்பு விருந்தில்தான் அவன் எவ்வளவு உயரம் என்றே எனக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

இனி பணம். மணிக்கு 28 டாலரை வாரம் 40 மணி, 52 வாரம் என்று பெருக்கி 58,240 என்று மகிழ்ந்திருப்பீர்கள். கான்ட்ராக்டருக்கு ஒன்டாரியோவின் 9 பொது விடுமுறைகளுக்கும் சம்பளம் கிடையாது, இரண்டு வார ஆண்டு விடுப்புக்கும் கிடையாது. அந்த 19 நாளைக் கழித்தால் 54,000-க்குச் சற்றுக் கீழே வரும். ஓய்வூதியத் திட்டத்துக்கு ஊழியர் கட்டுவது 5.95 சதவீதம், மறுபாதி முதலாளி பங்கு. சுயதொழில் என்றால் 11.9 சதவீதமும் உங்கள் பையிலிருந்து. அங்கே இன்னொரு 3,000 டாலர் போகிறது. நான்கு காலாண்டுகளில் வருமானம் 30,000 டாலரைத் தாண்டினால் எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரிக்குப் பதிவு செய்து, 13 சதவீதம் வசூலித்து அரசுக்குக் கட்டும் கணக்குவழக்கும் உங்கள் தலையில். வேலையிழப்புக் காப்பீட்டுக்குப் பிடித்தம் இருக்காது. ஆனால் வேலை போனால் அந்தக் காப்பீடும் இருக்காது. ஆக, கூடுதல் என்று நீங்கள் நினைத்த 6,000 டாலர் காற்றில் போய்விட்டது.

இதைவிடப் பெரிய ஆபத்து நிரந்தரக் குடியுரிமையில் இருக்கிறது. கனடிய அனுபவப் பிரிவில் விண்ணப்பிக்க, கடந்த மூன்று வருடத்துக்குள் இங்கே ஒரு வருடத் திறன்சார் வேலை வேண்டும். சுயதொழில் அதில் சேராது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பது குற்றமில்லை. கனடாவுக்குள் உட்கார்ந்து, ஊழியராகப் பார்த்தால் கணக்கில் வரும். 'கான்ட்ராக்டர்' என்ற ஒற்றைச் சொல்தான் கழுத்தை அறுக்கும். அந்த நிறுவனத்திடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: வருட முடிவில் டி4 (ஊழியருக்கு முதலாளி தரும் வருடச் சம்பளச் சான்று) தருவீர்களா? தருகிறோம் என்றால் நீங்கள் ஊழியர். மழுப்பினால் கும்பிடு போட்டுவிடுங்கள். உங்கள் நேரத்தையும் வேலை முறையையும் அவர்களே நிர்ணயித்துக்கொண்டு கான்ட்ராக்டர் என்று மட்டும் எழுதுவது இங்கே சட்டப்படி தவறு. ஆனால் புதிதாக வந்த நீங்கள் வழக்காடிக்கொண்டிருக்கப் போவதில்லை. கையெழுத்துக்கு முன் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரிடமும் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள்.

பேஸ்மெண்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நீங்களே வாழ்கிறீர்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். உங்கள் ஜன்னலோ தரைமட்டத்தில், பனி விழுந்தால் அதுவும் மூடிக்கொள்ளும். கிளையன்டோடு வீடியோவில் பேசும்போது சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டைச் சூடாக்கும் பர்னஸ் உறுமும், மேல்வீட்டுக் குழந்தை தலைமேல் ஓடும், சமையலறையில் நண்பர் தாளிப்பார். நான் அப்படி ஒரு குளிர்காலத்தில் நான்கு நாள் வெளியே வராமல் இருந்து, வீட்டுக்காரம்மா கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார்.

அலுவலகமும் சொர்க்கமில்லை. பஸ் பிடித்து கென்னடி, அங்கிருந்து ரயிலில் புளூர்-யங், மாறி கிங் நிலையம். எப்படியும் ஒன்றேகால் மணி நேரம். நாலு பேர் சத்தமாகச் சிரிக்கும் கூடத்தில் அனலிட்டிக்ஸ் எண்களை உருப்படியாக அலச முடியாது; அந்த வேலைகளை வீட்டில் இருக்கும் இரண்டு நாளுக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். பிளாக் ஃபிரைடே வாரத்தில் எங்கிருந்து வேலை பார்த்தாலும் இரவு பதினோரு மணிக்கு பட்ஜெட்டைத் திறந்து பார்ப்பீர்கள். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒன்டாரியோ நிறுவனங்களில், பணி நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிப்பது பற்றி எழுத்துபூர்வமான கொள்கை இருக்க வேண்டும் என்று 2022 முதல் சட்டம் இருக்கிறது. கொள்கை இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, அதில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கணினியில் உங்களைக் கண்காணிக்கிறார்களா என்பதையும் அவர்கள் எழுதித் தர வேண்டும். சேரும் நாளிலேயே இரண்டையும் வாங்கிப் படியுங்கள்.

டவுன்டவுன் என்று முடிவு செய்தால் ஒரு சின்ன விஷயம். நவம்பர் வந்ததும் சாலையில் உப்புப் போடுவார்கள், தோல் காலணியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். பூட்ஸில் போங்கள். நல்ல காலணி ஒரு ஜோடியை அலுவலக மேசைக்கு அடியிலேயே வைத்துவிடுங்கள். மாற்றிக்கொள்ளும் அந்த இரண்டு நிமிடத்தில் பக்கத்து மேசைக்காரர் ஏதாவது சொல்வார், காதைத் திறந்து வைத்திருங்கள்.