செல் குரூப்பில் ஒரு குடும்பம் கஷ்டப்படும்போது எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

உங்கள் வீட்டு ஜெபக்குழுவில் ஒரு சகோதரருக்கு மூன்று மாதமாக வேலை இல்லை. மற்றவர்கள் சேர்ந்து உதவ நினைக்கிறீர்கள். எவ்வளவு கொடுப்பது, கடனாகவா சும்மாவா, ஆதித் திருச்சபை மாதிரி எல்லாவற்றையும் பொதுவில் வைப்பது இந்தக் காலத்தில் நடக்கிற காரியமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் போதகர் இல்லை, ஸ்கூல் டீச்சர். தாம்பரம் பக்கம் முடிச்சூரில் பதினாறு வருஷமாக ஒரு வெள்ளிக்கிழமைக் குழுவில் இருக்கிறேன். இப்போது ஒன்பது குடும்பங்கள். இந்த விஷயத்தில் ஒரு தடவை நன்றாகச் சொதப்பியவள், ஒரு தடவை வாங்கிக்கொண்டவள். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் 2015 வெள்ளத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் குழுவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். டிசம்பர் முதல் வாரம் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் எப்படி இருந்தது என்று டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் குழுவில் மாடி வீடு இருந்தது ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு அண்ணனுக்கு மட்டும்தான். அந்த இரண்டு அறையில் இருபத்து மூன்று பேர் ஆறு நாள் இருந்தோம். ஒரே சிலிண்டர். அந்த வீட்டு அக்கா அரிசியை டம்ளரால் அளந்து போடுவார். அது அழகான நாட்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு அது உதவாது. எல்லார் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருக்கும்போது பகிர்ந்துகொள்வது சுலபம், யாரும் யாருக்கும் கடன்பட்டதாகத் தோன்றாது. கஷ்டம் எப்போது தெரியும் என்றால், எட்டு வீட்டில் சம்பளம் ஒழுங்காக வந்து, ஒரு வீட்டில் மட்டும் வராதபோது.

அப்படி ஒன்று 2018-ல் வந்தது. குழுவில் ஒரு தம்பி, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார், நஷ்டத்தில் மூடினார். அவர் மனைவி என்னிடம் தனியாக வந்து நாற்பதாயிரம் கேட்டார். ஆறு மாதத்தில் தந்துவிடுகிறேன் என்றார். கொடுத்தேன். "கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள்" என்ற வசனத்தை ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ண வைத்தவள் நான்.

ஆறு மாதம் போனது, எட்டு மாதம் போனது. நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவரும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம், எங்கள் நடுவில் அந்த நாற்பதாயிரமும் உட்கார்ந்திருந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் ஒரு புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். அம்மா வீட்டில் எடுத்துக் கொடுத்தது என்று பிறகு தெரிந்தது. நான் அந்தச் சேலையின் பார்டரைப் பார்த்தேன், மனசுக்குள் ஒரு விலை ஓடியது, நிமிர்ந்தால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் முதல் வாரம் தலைவலி, அடுத்த வாரம் மாமியார் வந்திருக்கிறார்கள், அதற்கடுத்த மாதம் வேறு சபைக்குப் போய்விட்டார்கள். பணம் அடுத்த வருஷம் முழுசாக வந்துவிட்டது, கூகுள் பே-யில், ஒரு வார்த்தைகூட இல்லாமல். வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அதனால் உங்கள் கேள்வியின் ஒரு பகுதிக்கு நான் யோசிக்காமல் பதில் சொல்வேன்: குழுவுக்குள் கடன் வேண்டாம். உங்களால் விட்டுவிட முடிகிற தொகை ஐயாயிரம்தான் என்றால் ஐயாயிரத்தைக் கொடுத்து, கொடுக்கிற அன்றைக்கே கணக்கை மூடிவிடுங்கள். இருபதாயிரத்தைக் கடனாகக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மனசுக்குள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

ஆதித் திருச்சபை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். "சகலத்தையும் பொதுவாய் வைத்து அநுபவித்தார்கள்" என்று அப்போஸ்தலர் 2-ல் வருவதை எல்லாரும் சொல்வார்கள். பர்னபா நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து வைத்தது 4-ஆம் அதிகாரத்தின் கடைசியில். கொஞ்சம் தள்ளி 12-ஆம் அதிகாரத்தையும் பாருங்கள்: பேதுரு சிறையிலிருந்து தப்பி வந்து கதவைத் தட்டுவது மாற்குவின் தாயார் மரியாளின் வீட்டில். தட்டுவது யார் என்று கேட்க வரும் ரோதை என்ற பெண்ணும் அங்கே இருக்கிறாள். அதாவது, அதே எருசலேம் சபையில் வீடு வைத்திருந்தவர்களும் இருந்தார்கள், அந்த வீட்டில்தான் ஜெபக்கூட்டம் நடந்தது. எல்லாரும் எல்லாவற்றையும் விற்றே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டதாகத் தெரியவில்லை. 5-ஆம் அதிகாரத்தில் நிலத்தை விற்ற அனனியாவிடம் பேதுருவே கேட்கிறார், விற்கிறதற்கு முன்னே அது உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது என்று. ஒரு பங்கை வைத்துக்கொண்டு முழுசையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டதுதான் அங்கே வினை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்தப் பகுதியைக் காட்டி நகையைக் கழற்று, சேமிப்பை எடு, விதைத்தால் நூறு மடங்கு அறுப்பாய் என்று நெருக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் குழுத் தலைவர் யார் என்று எனக்குத் தெரியாது, நல்லவராகவே இருப்பார். இருந்தாலும் யாராவது தொகை சொல்லிக் கேட்டால், எல்லார் முன்னாலும் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள். ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிறவர்கள், அதற்குச் சற்று முன்னால் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்கள் என்று இயேசு வேதபாரகரைச் சொல்வதை வாசிக்காமல் தாண்டிவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது பவுல் சொல்வது. 2 கொரிந்தியர் 8-ல், மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாகும்படி அல்ல, சமநிலை இருக்கும்படி சொல்கிறேன் என்கிறார். இப்போது உங்களிடம் இருக்கிறது அவர்கள் குறைவுக்கு, பிறகு அவர்களிடம் இருப்பது உங்கள் குறைவுக்கு. அந்தப் பணம் யாருக்காகத் திரட்டினார்? எருசலேமில் இருந்த ஏழைப் பரிசுத்தவான்களுக்கு. நிலத்தை விற்று அப்போஸ்தலர் பாதத்தில் வைத்த அதே சபை, கொஞ்ச வருஷத்தில் மக்கெதோனியாக்காரர்களிடமிருந்து வாங்கிக்கொள்கிற இடத்துக்கு வந்துவிட்டது.

எங்களுக்கும் அந்த முறை வந்தது. 2022 மார்ச்சில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி, இரண்டு ஸ்டென்ட். கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தது, ஆனால் முதலில் நாங்கள் கட்டிவிட்டுப் பிறகுதான் வாங்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். நான் குழுவில் ஜெபக்குறிப்பு மட்டும் சொன்னேன், பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. டீச்சர் வீட்டில் இல்லாததா என்று எல்லாரும் நினைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா இட்லி மாவு விற்கிறார். கிரைண்டர் இரண்டு, கணவர் இல்லை, ஒரு மகள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி காரிடாருக்கு வந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரைக் கையில் திணித்தார். "டீச்சர், வச்சுக்கோங்க" என்றார். "ஐயோ வேண்டாம்க்கா, எங்களுக்கு இருக்கு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "இருக்கட்டும். இதையும் வச்சுக்கோங்க." பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். கவரில் இருபத்தையாயிரம். ஐந்நூறும் நூறுமாக, ஒரு நூறு ரூபாய்த் தாளின் ஓரத்தில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு சாயங்காலம் கட்ட வேண்டிய தொகைக்கு உண்மையிலேயே பதினெட்டாயிரம் குறைந்தது.

இரண்டு மாதம் கழித்து எங்கள் தெருவில் சீட்டுப் பிடிக்கிற அம்மா பேச்சுவாக்கில் சொன்னார். ஐம்பதாயிரம் ரூபாய்ச் சீட்டு, மகள் காலேஜ் செலவுக்காகக் கடைசி வரை எடுக்காமல் வைத்திருந்தாராம் அக்கா. மார்ச் மாத ஏலத்தில் ஒன்பதாயிரம் தள்ளி எடுத்துவிட்டாராம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்சூரன்ஸ் பணம் வந்ததும் போனேன், முப்பத்து நான்காயிரம் எடுத்துக்கொண்டு. மறுப்பார், நாலு தடவை கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை. "சரி, குடுங்க. காலேஜ் திறக்கப் போவுது" என்று வாங்கி, இருபத்தையாயிரத்தை எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் கையில் வைத்துவிட்டார். தள்ளுப் பணம் அக்கா, எனக்குத் தெரியும் என்றேன். "அதையும் கணக்குப் பாத்தா அதுக்குப் பேரு வட்டி, டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கிரைண்டரைக் கழுவப் போய்விட்டார்.

கவனித்தீர்களா, கொடுத்ததைப் போலவே வாங்கவும் செய்தார், சடங்கு இல்லாமல். எங்கள் குழுவில் அதற்குப் பிறகுதான் காரியங்கள் மாறின. அதுவரை கொடுக்கத் தயாராக ஏழு குடும்பம் இருந்தோம், வாங்கத் தயாராக ஒருவரும் இல்லை. வாங்குவது என்றால் அது செல்போன் கடைத் தம்பி மாதிரி ஆட்கள் செய்வது என்று ஒரு நினைப்பு.

எங்கள் ஊர்ப் பக்கம், திருநெல்வேலிச் சீமையில், இது புதுசு இல்லை. முதலூர் என்ற ஊரே 1799-ல் துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்காக நிலம் வாங்கி உண்டாக்கியது. 1830-ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் தர்ம சங்கம் என்று ஆரம்பித்ததும் அப்படிப்பட்டவர்களுக்கு நிலமும் வீடும் வாங்கத்தான். எங்கள் ஆச்சி தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். வீட்டில் அரிசி குறைவான நாளில் பிடி சின்னதாகும், ஆனால் நிற்காது. கோயில் அசனத்திலோ, அதாவது சபையின் பொது விருந்தில், மூட்டை மூட்டையாக அரிசி கொடுத்தவரும் ஒன்றும் கொடுக்காதவரும் ஒரே பந்தியில், ஒரே சாம்பார். யார் கொடுத்தது என்று இலையில் எழுதியிருக்காது.

இப்போது நாங்கள் செய்வது ரொம்ப சாதாரணம். பொது நிதி, வங்கிக் கணக்கு எதுவும் இல்லை. தேவை வந்தால் ரயில்வே அண்ணனிடமோ மாவு அக்காவிடமோ சொல்ல வேண்டும், அவர்கள் இருவருக்கு மட்டும்தான் யாருக்கு என்று தெரியும். அவர்கள் மற்றவர்களிடம் "ஒரு தேவை இருக்கு" என்று மட்டும் சொல்வார்கள். தொகை சொல்வதில்லை, வாட்ஸாப்பில் போடுவதில்லை, கொடுத்தவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பதும் இல்லை. சபைக்குக் கொடுக்கிற காணிக்கை, தசமபாகம் வேறு, இது வேறு; அதிலிருந்து கழிப்பதில்லை. பணம் இல்லாதவர் வேறு ஏதாவது செய்வார்: ஒரு தம்பிக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துப் பேப்பர் வேலை எல்லாம் அத்துப்படி, அவர் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் நிற்கிற இரண்டு நாள் பத்தாயிரம் ரூபாய்க்குச் சமம்.

எவ்வளவு என்று கேட்டீர்கள். கொடுத்த பிறகு உங்கள் வீட்டில் ஏதாவது ஒன்று தள்ளிப்போக வேண்டும் என்பது என் கணக்கு. ஒரு பயணம், ஒரு ஃபிரிட்ஜ், ஏதோ ஒன்று. ஒன்றுமே தள்ளிப்போகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம். பிள்ளையின் ஃபீஸ் தள்ளிப்போகிற அளவுக்குக் கொடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அக்கா செய்தார் என்பதற்காக.

கடைசியாக ஒன்று, அந்தச் செல்போன் கடைத் தம்பி வீட்டு விஷயத்தில் நாங்கள் செய்த இன்னொரு தப்பு. கூட்டம் வாரம் ஒரு வீடாக முறை போட்டு நடக்கும். அவர்கள் கஷ்டத்தில் இருக்கிறார்களே, டீ செலவு எதற்கு என்று அவர்கள் முறையை நாங்களாகவே எடுத்துவிட்டோம். நல்ல எண்ணத்தில்தான். எங்களை லிஸ்டிலிருந்தே தூக்கிவிட்டார்கள் என்று அந்தப் பெண் வேறு யாரிடமோ சொல்லி அழுததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

உங்கள் குழுவிலும் முறை இருந்தால், அந்தச் சகோதரர் வீட்டு முறையை மாற்றாதீர்கள். டீயை அவர்களே போடட்டும். பால் பாக்கெட் மட்டும் போகிற வழியில் யாராவது வாங்கிக்கொண்டு போங்கள்.